பெட்டிக்கு நோன்பில்லை

பிப்ரவரி 3, 2013, ஞாயிறு

பிலோ கோயிலிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “என்னங்க, இந்த வருஷம் எனக்கு ரெக்கார்டிங் பெட்டி வேணும்” என்றாள்.

சங்கதி இதுதான். வருடா வருடம் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் பிலோமினா கறி மீனை விடுவதோடு ‘வடக்குத் தெரு மருமகள்’ சீரியலையும் விட்டுவிடுவாள். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஏழரைக்கு வரும் தொடர். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டாள். கறியை விடுவதை விட இதுதான் அவளுக்கு வலி. போன வருடம் அவளுக்குப் பதிலாக நான் பார்த்துக் கதையைச் சொல்வதாக ஏற்பாடு. நானும் உட்கார்ந்தேன், தூங்கினேன். ஈஸ்டர் அன்று கேட்டபோது, “அழுதார்கள், கதவைச் சாத்தினார்கள், தொடரும் போட்டார்கள்” என்று சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

“நோன்பும் இருப்பாய், சீரியலையும் மூடி வைத்து அப்புறம் சாப்பிடுவாயாக்கும். இது எந்த ஊர் ஒறுத்தல்?” என்று கேட்டேன்.

“நோன்பு என் கண்ணுக்குத்தாங்க. பெட்டிக்கு இல்ல.”

ஓய்வுபெற்ற எடையளவு ஆய்வாளரான என்னை மடக்குவதில் அவளுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

பிப்ரவரி 5, செவ்வாய்

டவுன்ஹால் ரோடு. நான்கு கடை ஏறி இறங்கினேன். நான்கிலும் வாய்தான் பெரிதாக இருந்தது. ஐந்நூறு மணி நேரம் பதியும் என்கிறான் ஒருவன். எந்தப் படத்தரத்தில் ஐந்நூறு என்று கேட்டால் விழிக்கிறான். ஓர் அளவைச் சொன்னால் அதை அளந்து காட்ட வேண்டும். சர்வீஸ் முழுக்க இதை வியாபாரிகளிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை போனது.

ஐந்தாவது கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சவரிராயன் சார்தானே? கீழமாசி வீதியில எங்க வாப்பா கடைத் தராசைத் தூக்கிட்டுப் போனீங்களே.”

“தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தது.”

“இப்பவும் அவரு அதை நம்ப மாட்டேங்கிறாரு சார்” என்று சிரித்து நாற்காலி போட்டார். பெயர் நாகூர்கனி. இவர் மட்டும் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்து மூன்றின் குறையையும் சொன்னார். முதலாவது, வீட்டுக் கேபிளோடு சேர்க்கும் சின்னப் பெட்டி. பென் டிரைவில் பதியும், ஆனால் ஒரு சேனலைப் பதியும்போது வேறு சேனல் பார்க்க முடியாது. இரண்டாவது, துபாயிலிருந்து வந்த டிவிடி ரெக்கார்டர். தினமும் தட்டு மாற்ற வேண்டும். மூன்றாவது, மாடியில் டிஷ் வைத்து மாட்டுவது. ஹார்டு டிஸ்க் உள்ளேயே இருக்கிறது, ஒன்றைப் பதிந்துகொண்டே இன்னொன்றைப் பார்க்கலாம். ஆனால் சந்தாவை நிறுத்தினால் பதிந்ததும் ஓடாது.

பிலோவுக்குத் தேவை ஏழரை மணித் தொடர். எனக்குத் தேவை அதே ஏழரை மணிச் செய்தி. மூன்றாவதின் பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் சும்மா சாயக் கூடாது.

பிப்ரவரி 8, வெள்ளி

மறுபடி கடை. மதுரையில் இப்போது கரண்ட் ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இல்லை. பதிவு நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. நாகூர்கனியைப் பதிவு போடச் சொல்லிவிட்டு, நானே எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பச் சொருகியதும் பென் டிரைவ் பெட்டி ஒன்றும் தெரியாததுபோல் முதல் பக்கத்தில் போய் நின்றது. டிஷ் பெட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பதிய ஆரம்பித்தது.

“இதை யாருமே செஞ்சு பார்த்ததில்ல சார்” என்றார்.

அதையே வாங்கினேன். வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து டிவிக்கும் ஒரு லைன் இழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிலோவிடம் சொன்னபோது, “பொண்ணு பார்க்க வந்தப்பக்கூட இவ்வளவு விசாரிக்கலையே” என்றாள். அப்படிச் சொல்லும்போது முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். இரண்டு வாரமாக உடம்பெல்லாம் அரிக்கிறதாம். சோப்பை மாற்றச் சொன்னேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது. நாளை முதல் ஏழரைக்குத் தானே பதியும்படி வைத்தாகிவிட்டது. இன்றைக்கு அவளுக்குக் கடைசி நாள், டிவி முன்னால் நகராமல் உட்கார்ந்திருந்தாள். மாமியார் சௌந்தரவல்லியின் காணாமல் போன மகன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அவன் நிஜ மகன்தானா என்று மருமகளுக்குச் சந்தேகம். அந்த இடத்தில் தொடரும் போட்டுவிட்டார்கள்.

“பாருங்க, நான் நோன்பு ஆரம்பிக்கிறப்பன்னு பார்த்து நிறுத்துறான்” என்று புலம்பினாள். ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிட்டாள். வாய் கசக்கிறதாம்.

பிப்ரவரி 13, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு வந்து, வீட்டில் இருக்கும் மாதா, சேசு சுரூபங்களுக்கெல்லாம் ஈஸ்டர் வரைக்கும் என்று ஊதாத் துணி போட்டு மூடினாள். ஏழரைக்குப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபமாலை சொன்னாள். வழக்கத்தை விடச் சத்தமாகச் சொன்னாள்.

பிப்ரவரி 15, வெள்ளி

அவள் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போயிருந்தபோது பதிவு சரியாக இருக்கிறதா என்று சோதித்தேன். படம் தெளிவு. சத்தம் சரி. ஒலியும் உதட்டசைவும் சேர்கின்றனவா என்று பார்ப்பதற்காக முழுதும் பார்க்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 19, செவ்வாய்

நேற்று இரண்டு முறை கரண்ட் போனது. இன்வெர்ட்டர் தாங்கியது. இன்று சோதித்ததில் ஒரு விநாடியும் விடுபடவில்லை. வந்தவன் சௌந்தரவல்லியின் மகனுக்குச் சின்ன வயதில் பிடித்த பலகாரம் எதுவென்று சரியாகச் சொல்லிவிட்டான். எனக்கு அவன் மேல் நம்பிக்கை இல்லை.

பிலோ கண்ணில் மஞ்சள் தெரிகிறது. எதிர்வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 23, சனி

கீழாநெல்லி கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம், ஸ்கேன், அப்புறம் இன்னொரு பெரிய ஸ்கேன். வரிசையில் நின்றபோது, “பெட்டியில சந்தா தேதி முடியலையே?” என்று கேட்டாள். இல்லை என்றேன்.

பிப்ரவரி 26, செவ்வாய்

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் என்று ஆரம்பித்து ஒரு சொல் சொன்னார். எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்று காட்டிப் பேனாவால் வட்டம் போட்டார். இரண்டாவது இடத்தில் காட்டிச் சோதிக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்.

வெளியே வந்து பிலோவிடம் மஞ்சள் காமாலை, பித்தக்குழாயில் அடைப்பு, சரி பண்ணிவிடலாம் என்றேன். அது பொய்யில்லை. அடைப்பும் இருக்கிறது.

இன்று முதல் எனக்குக் காபி வேண்டாம். வயிறு சரியில்லை. சுக்குத் தண்ணீர் போதும்.

பிப்ரவரி 28, வியாழன்

இரண்டாவது டாக்டரும் அதே இடத்தில் வட்டம் போட்டார்.

தலைவலி. காபி விட்டால் இப்படித்தான் சில நாள் இருக்கும் என்கிறார்கள். ஈஸ்டர் வரை பார்த்துக்கொள்ளலாம். வயிற்றுக்காகத்தான்.

மார்ச் 5, செவ்வாய்

பிலோ ஆஸ்பத்திரியில். அடைப்பை எடுக்கக் குழாய் வைத்தார்கள். மருந்து மயக்கத்தில் பாதி நேரம் தூக்கம். கோயம்புத்தூரிலிருந்து மகள் ஜெசிந்தா வந்துவிட்டாள். பகலில் அவளும் ராத்திரியில் நானுமாக இருக்கிறோம்.

பகலில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, நேற்றைய பதிவைச் சோதித்தேன். ஆளில்லாத வீட்டில் யாராவது பேசினால் தேவலாம்போல் இருக்கிறது. சௌந்தரவல்லி வந்தவனுக்குத் தன் கையால் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். மகன்தான் என்று நம்பிவிட்டாள் போலும். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு வயதாகியும் ஆள் தெரியவில்லையே.

மார்ச் 8, வெள்ளி

காலையில் தெளிவாக இருந்தாள்.

“பதிவு ஆகுதா?”

“ஆகிறது.”

“நீங்க பார்க்கிறீங்களா?”

“சோதனை பண்ணுகிறேன்.”

“தெரியும்” என்று சிரித்தாள். “கதையைச் சொல்லிடாதீங்க. ஈஸ்டருக்கு நானே ஒண்ணு விடாம பார்ப்பேன். உயிர்ப்பு ஞாயிறு மத்தியானம் கறிக்குழம்பு. சாப்பிட்டுட்டு உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டேன்.”

பிறகு, “ஏன் காபி வாங்கிக் குடிக்கல? ஜெசி ஃபிளாஸ்க்ல கொண்டுவந்தாளே” என்றாள்.

“வயிறு.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

மார்ச் 12, செவ்வாய்

வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார் டாக்டர். வலி வராமல் பார்த்துக்கொள்ள மருந்து எழுதிக் கொடுத்தார்.

“ஈஸ்டருக்கு இருப்பாளா?” என்று கேட்டேன்.

“ஈஸ்டர் என்னிக்கு?” என்றார். மேசைக் காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். திருப்பியபடியே வைத்தார். அப்புறம் வேறு மருந்தைப் பற்றிப் பேசினார்.

மார்ச் 14, வியாழன்

வீட்டில் இருக்கிறாள். ஹாலிலேயே கட்டில். ரோமில் புதிய திருத்தந்தை என்று டிவியில் காட்டினார்கள். செய்திக்கு நோன்பில்லை என்பதால் அரைக்கண்ணால் பார்த்துவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். எழுந்தால் இன்று என்ன கிழமை என்று கேட்கிறாள். சொன்னால் அரை மணியில் மறுபடி கேட்கிறாள்.

சாயங்காலம் பங்குச்சாமியைப் போய்ப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் நான் கோயில் படி ஏறியது இன்றைக்குத்தான். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை, நல்ல மனிதர். நோயாளிகளுக்கு நோன்பே கிடையாது என்றார். போதாததற்கு, தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகள் நாற்பது நாள் கணக்கில் வராது என்றார். எனக்கு இப்படி ஒரு விதிதான் வேண்டியிருந்தது. கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அவர் நற்கருணை அப்பம் கொடுத்துவிட்டு நிதானமாக எடுத்துச் சொன்னார். பிலோ கைகூப்பிக் கேட்டாள்.

“சரிதாங்க சாமி. ஆனா நான் சட்டத்துக்காக விடல. ஒண்ணு கேட்டுக்கிட்டு விட்டிருக்கேன்.”

“என்ன கேட்டுக்கிட்டீங்கம்மா?”

“கேட்டுக்கிட்டவருக்குத் தெரியும்.”

சாமியார் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மார்ச் 16, சனி

காலையில் இரண்டு வாய்க் கஞ்சி. அதுவும் நிற்கவில்லை. ஒரே நினைப்பாக இருக்கிறது. ஒரு வருடத்தில் அவள் தனக்கென்று ஒதுக்கிவைத்த ஒரே சாப்பாடு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. சாவி என் கையில் இருந்தும் திறக்க முடியவில்லை.

ஒரு முடிவுக்கு வந்தேன். நாளை ஞாயிறு. நாளைக்கு ஈஸ்டர்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, அம்மாவை ஏமாத்தச் சொல்றீங்களா? நீங்களா?”

“எடை குறைந்தால் குற்றம் கடைக்காரன் மேல். வாங்குகிறவர் மேல் இல்லை. அவள் தெரியாமல் பார்த்தால் அவள் நோன்பு முறியாது. முறிந்தால் பாவம் எனக்கு.”

“என்னால சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்க” என்று அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டெலும்பு எவ்வளவு வாங்க வேண்டும் என்று கேட்டாள்.

மார்ச் 17, ஞாயிறு

விடிந்ததும் சுரூபங்களின் ஊதாத் துணியைக் கழற்றி மடித்து வைத்தேன். நாள்காட்டியைச் சுவரிலிருந்து எடுத்துப் பீரோவில் போட்டேன். பெட்டியின் பதிவுப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி வரும். எனவே முதல் பதிவை முன்கூட்டியே திறந்து நிறுத்தி வைத்தேன். ஜெசிந்தா பட்டுச் சேலை கட்டினாள். நான் வெள்ளை வேட்டி சட்டை. வாழ்நாளெல்லாம் எத்தனையோ தில்லுமுல்லுகளைக் கண்டுபிடித்தவன், செய்கிறபோது ஒன்றும் பெரிய வித்தையாகத் தெரியவில்லை.

ஒன்பது மணிக்குக் கண் திறந்தாள். சுரூபத்தைப் பார்த்தாள். என் வேட்டியைப் பார்த்தாள்.

“பிலோ, ஈஸ்டர் வாழ்த்து” என்றேன்.

“இன்னைக்கா?”

“ஆஸ்பத்திரியில் தூங்கித் தூங்கி உனக்கு நாள் போனதே தெரியவில்லை. பெரிய வெள்ளியெல்லாம் போயிற்று.”

“அப்படியா” என்றாள். என்னையே பார்த்தாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். “ராத்திரிப் பூசைக்குப் போனீங்களா?”

“போனேன்.”

“நல்லது” என்று ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்தாள். “உங்கப்பா பூசைக்குப் போனாராம்டி.” ஜெசிந்தா சூப்பைப் பார்க்கிறேன் என்று உள்ளே போனாள். அவள் திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று.

சூப் நாலைந்து கரண்டி இறங்கியது. முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து உட்கார வைத்தோம். டிவியைப் போடப் போனேன். “இருங்க” என்றாள். “ஈஸ்டர் வந்துடுச்சுல்ல? உங்க வயிறும் சரியாயிருக்கும். முதல்ல காபி குடிங்க.”

“அப்புறம் குடிக்கிறேன்.”

“இப்பக் குடிங்க. ஜெசி, அப்பாவுக்கு ஸ்டிராங்கா ஒரு காபி.”

டபரா டம்ளரில் வந்தது. குடிக்காமல் விட்டால் இன்றைக்கு ஈஸ்டர் இல்லை என்றாகிவிடும். குடித்தால் நான் கேட்டுக்கொண்டது போய்விடும். கேட்டுக்கொண்டது என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அடித்துத் திருத்தவில்லை. நான் ஜெபமெல்லாம் சொல்கிற ஆள் இல்லை. டாக்டர் வட்டம் போட்ட அன்று ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்று, காபியை விடுகிறேன், இவளை விட்டுவிடு என்று சொன்னேன். எடைக்கு எடை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த முறை.

பிலோ பார்த்துக்கொண்டே இருந்தாள். குடித்தேன். ஒரு சொட்டு வைக்காமல் குடித்தேன்.

“நல்லா இருக்கா?”

“நன்றாக இருக்கிறது” என்றேன். ருசியே தெரியவில்லை.

“இப்பப் போடுங்க” என்றாள்.

மூன்று பகுதிகள் ஓடின. நான் முன்பே பார்த்ததுதான் என்றாலும், வந்தவன் நடிப்பதை இந்த முறை கூர்ந்து கவனித்தேன். நடுவில் கரண்ட் போனது, இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. ஒரு முறை திரும்பியபோது அவள் முகம் என் பக்கம் இருந்தது. “இங்கே என்ன, அங்கே பார்” என்று டிவியைக் காட்டினேன். “பார்க்கிறேன், பார்க்கிறேன்” என்றாள். முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது. இத்தனை நாளில் இன்றுதான் வலி மருந்தை நேரத்துக்கு முன்னால் கேட்கவில்லை.

காரியம் நல்லபடி முடிந்தது. குற்றம் என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன். சந்தோஷமாகவும் இருக்கிறது.

மார்ச் 18, திங்கள்

காபி வேண்டாம் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். மறுபடி வயிறு.

மார்ச் 20, புதன்

மிச்சப் பகுதிகளைப் போடவா என்று கேட்டால், “மெதுவா பார்க்கலாம், என்ன அவசரம்” என்கிறாள். புரியவில்லை. அவசரப்பட்டவள் அவள்தானே.

காலையில் பங்குச்சாமியை வரச் சொல்லி, சாவுக்கு முன் எண்ணெய் பூசும் நோயில்பூசுதலை வாங்கிக்கொண்டாள். தானாகக் கேட்டாள். பிறகு ஜெசிந்தாவைக் கூப்பிட்டுப் பீரோவிலிருந்து சந்தனக் கலர் சேலையை எடுத்து வெளியே வைக்கச் சொன்னாள். பிறகு என்னைக் கூப்பிட்டு வரிசையாகச் சொன்னாள். கேஸ் சிலிண்டர் மாற்றும்போது வாஷரைப் பார்க்க வேண்டும். சட்டையை வெள்ளையோடு வெள்ளையாகத்தான் துவைக்க வேண்டும். காபித் தூளை ஒரு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்கக் கூடாது, வாசம் போய்விடும்.

“இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறாய்?”

“தெரிஞ்சு வச்சுக்கோங்க.”

யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். ஜெசிந்தாவைக் கேட்டேன். சத்தியமாக இல்லை என்கிறாள். பங்குச்சாமியும் இல்லை என்றார். ஆஸ்பத்திரியில் எந்த நர்ஸாவது உளறியிருக்க வேண்டும்.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

இதை யோசிக்காமல் விட்டது என் முட்டாள்தனம். காலையில் தெருவில் ஓசன்னா பாட்டு. குருத்தோலையோடு பவனி எங்கள் வாசல் வழியாகத்தான் போகும், ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். நான் ஓடிப்போய் ஜன்னல் கதவை இழுத்தேன்.

“மூடாதீங்க” என்றாள் பிலோ. “காத்து வரட்டும்.”

அவ்வளவுதான் சொன்னாள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் வர வேண்டிய குருத்து ஞாயிறு, ஈஸ்டர் முடிந்து ஒரு வாரத்தில் ஏன் வருகிறது என்று கேட்கவில்லை. பவனி முழுதும் கடந்து போகிறவரை படுத்தபடி பார்த்தாள். எதிர்வீட்டம்மாள் ஜன்னல் வழியாக நீட்டிய ஓலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளிடம் எந்த நர்ஸும் உளறவில்லை. ஒரு நாளும் பொய் சொல்லாத மனிதன் ஈஸ்டரைத் தூக்கி இரண்டு வாரம் முன்னால் கொண்டுவந்து வைத்தால், நிஜ ஈஸ்டர் வரை நாள் இல்லை என்று அதற்கு அர்த்தம். இதை விடத் தெளிவாக எந்த டாக்டரும் சொல்ல முடியாது. சொன்னது நான். பட்டுச் சேலையும் எலும்பு சூப்புமாக, வாழ்த்துச் சொல்லிச் சொன்னேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

“சாப்பிட்டீங்களா?” என்றாள்.

மார்ச் 26, செவ்வாய்

டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். இந்த உடம்பு எப்படித் தாங்குகிறது என்று தெரியவில்லை என்றார்.

மார்ச் 28, பெரிய வியாழன்

பேச்சு குறைந்துவிட்டது. தண்ணீர் மட்டும், பஞ்சில் நனைத்து. ஏழரைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். டிவி ஓடவே இல்லை, பெட்டி மட்டும்தான் பதிந்துகொண்டிருந்தது. அப்படியும் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

கோயிலுக்குப் போனேன். மண்டியிட்டால் எழுந்திருப்பது சிரமமாக இருக்கிறது.

மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு

விடியற்காலையில் கோயில் மணி அடித்தது. வியாழக்கிழமையிலிருந்து அடிக்காமல் இருந்த மணி. நான் கட்டிலோரத்தில் நாற்காலியில் இருந்தேன். பிலோ கண்ணைத் திறந்தாள். மணி அடித்து முடியும் வரை கேட்டாள்.

“இது?” என்றாள். காது வைத்துக் கேட்டால்தான் கேட்கும் சத்தம்.

“முத்திரை போட்டது” என்றேன். “சரியான எடை.”

உதட்டில் சிரிப்பு வந்தது. “அன்னைக்குப் போட்டது?”

“எடை குறைவு. மன்னித்துக்கொள்.”

“எனக்கு நஷ்டமில்ல” என்றாள். மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாள். “நான் பார்க்கல.”

“எதை?”

“அன்னைக்கு டிவிய. மூணு கதை ஓடுச்சுல்ல, ஒண்ணும் பார்க்கல. உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். எவ்வளவு ஆசையா சீரியல் பார்க்கிறீங்க. காதையும் மனசையும் வேற பக்கம் வச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள ஜெபமாலை சொல்லிட்டிருந்தேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. என் நோன்பை முறித்துக் காபி குடித்தது, அவள் முறிக்காத நோன்புக்காக.

“காபியக் குடிக்க வச்சது நாந்தான்” என்றாள், நான் நினைத்ததைப் படித்ததுபோல. “அப்படி ஒரு கணக்கு நீங்க ஆண்டவர்கிட்ட வச்சுக்க வேணாம்னுதான். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, அவர் ஏமாத்திட்டாருன்னு நீங்க கோயில் பக்கமே போக மாட்டீங்க.” கொஞ்சம் கழித்து, “மறுநாள்லேர்ந்து திரும்ப விட்டுட்டீங்க. எனக்குத் தெரியாதா? இப்பக் குடிங்க” என்றாள்.

ஜெசிந்தா காபி கொண்டுவந்தாள். இந்த முறை ருசி தெரிந்தது. பிலோ சொன்னது சரி, தூளில் வாசம் போயிருந்தது.

“முதல்லேர்ந்து போடுங்க” என்றாள்.

முதல் பகுதியைப் போட்டேன். தலையைத் திருப்பி டிவியைப் பார்த்தாள். வாசலில் நிற்கும் மகனை, உள்ளேயிருந்து வரும் சௌந்தரவல்லியைக் கண் கொட்டாமல் பார்த்தாள். பாதியில் இமை தாழ்ந்தது. நிறுத்தப் போனேன். “ஓடட்டும்” என்றாள். “கண்ணுதான் முடியல. நீங்க சொல்லுங்க. போன வருஷம் மாதிரி ரெண்டு வரியில சொல்லாம.”

சொன்னேன். கண்ணை மூடியிருந்தவளிடம், யார் எந்தச் சேலை கட்டியிருக்கிறார்கள் என்பது உட்பட ஒன்று விடாமல் சொன்னேன். பலகாரம், எண்ணெய்க் குளியல், மருமகள் ரகசியமாக ஊருக்குப் போய் விசாரித்தது. மத்தியானமாகிவிட்டது. ஜெசிந்தா வைத்த கறிக்குழம்பின் வாசம் வந்தது. வெள்ளிக்கிழமை பதிந்த பகுதிக்கு வந்துவிட்டேன். வந்தவன் மகன் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துபோகிறது, வீடே கொதிக்கிறது, சௌந்தரவல்லி மட்டும் அசையவில்லை என்று சொல்லி நிறுத்தினேன்.

“அவளுக்கு முதல் நாளே தெரியும்” என்றாள் பிலோ, கண்ணைத் திறக்காமல்.

அதைத்தான் சௌந்தரவல்லி கடைசி வசனமாகச் சொல்கிறாள். நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு தூங்கிவிட்டாள். மூச்சு மெதுவாக இருக்கிறது, ஆனால் சீராக இருக்கிறது. அவள் கை என் இடது கையில் இருப்பதால் நோட்டைப் பிடிக்காமல் இதை எழுதுகிறேன், எழுத்து கோணல்.

அந்த வசனத்தோடு தொடரும் போட்டிருக்கிறான். வந்தவனை வைத்துக்கொள்வார்களா, துரத்துவார்களா என்று தெரியவில்லை. விழித்தால் கேட்பாள். நாளை திங்கள், ஏழரைக்குப் பதிவு உண்டு. பெட்டியில் இன்னும் இடம் இருக்கிறது.